மூன்று வளைய அடுப்பு

இந்தக் கோடையில் பியரை நானே காய்ச்சிக் குடிப்பதென்று முடிவெடுத்தேன். மனித நாகரிகமே பார்லியை ஊறப்போட்டதில்தான் தொடங்கியது என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. அவர்களில் ஒருவருக்கும் என் மனைவி இராசமலரைத் தெரியாது. அவள் இருக்கும் வீட்டில் மதுவுக்கு இடமில்லை.

ஆகவே அதைக் காய்ச்சும் அடுப்பை வேறு காரணம் சொல்லி வாங்கவேண்டும். சந்தேகம் வராதிருக்க ஒனிஹங்காவில் உள்ள அடுப்புக் கடைக்கு அவளையும் கூட்டிப்போனேன். காஸ் அடுப்புகள் ஒற்றை வளையம், இரட்டை வளையம், மூன்று வளையம் என்று வரிசையாக நின்றன. இரண்டு கிழமை படித்த படிப்பு. நேரே மூன்று வளையத்தைக் காட்டினேன். முப்பது லீட்டரைச் சட்டென்று கொதிக்கவைக்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தது.

"எங்க ரெண்டு பேருக்கு ஏனப்பா இவ்வளவு பெரிசு?"

"மீன் குழம்பை வெளியில வைச்சா வீட்டுக்க மணக்காதெல்லே?"

"முப்பது லீட்டர் மீன் குழம்போ?"

படித்தவனுக்குப் பொய் பஞ்சமில்லை.

"கோயில் அன்னதானத்துக்கும் உதவும், மலர்."

"அப்ப வாங்குங்கோ," என்றாள் உடனே. எனக்கே என் மூளைமேல் மரியாதை வந்தது.

சனிக்கிழமை விடிய, பிளாட் புஷ்ஷில் எங்கள் வீட்டுப் பின்வளவுக்குப் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் கால்களில் விபூதி. மேலே மஞ்சள் கொத்துக் கட்டிய பானை. பால் பொங்கி வழிந்தது.

"என்ன இது?"

"புது அடுப்பெல்லே, முதல் பொங்கல் பிள்ளையாருக்கு. அடுப்பையும் கோயிலுக்கு நேர்ந்து விட்டிட்டன். இனி இதில சைவம் மட்டுந்தான்."

"அப்ப என்ர..."

"உங்கட என்ன?"

"ஒண்டுமில்லை."

"நாளைக்குக் கொடியேற்றம். அடுப்புப் பொறுப்புக்கு ஆள் வேணுமெண்டு கோயில் தலைவர் சோதிலிங்கம் கேட்டவர். உங்கட பேரைக் குடுத்தனான். பத்து நாளும் விரதம் இருங்கோ. கராஜில கார் டயருக்குப் பின்னால ஒளிச்சு வைச்ச பார்லி மூட்டையும் கோயிலுக்குப் போயிட்டுது. அடியாருக்குக் கஞ்சி."

பத்து நாளும் நான்தான் காய்ச்சினேன். முளைகட்டிய பார்லி அல்லவா, கஞ்சி இயல்பாகவே இனித்தது. அடியார்கள் இரண்டாம் முறையும் வரிசையில் நின்றார்கள். மாவுச்சத்து சீனியாக மாறும் நுட்பத்தை அவர்களுக்கு விளக்கலாமென்று வாயைத் திறந்தேன்.

"கதையாமல் கிண்டுங்கோ, அடிப்பிடிக்கப் போகுது," என்றாள் இராசமலர்.