அனுமதி தேவைப்படாத பெட்டி

அன்புள்ள மகளுக்கு,

தரையில் நடக்கும் சித்தப்பன் வானளாவிய ஆசிகளுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் அப்பாவின் கோபமும் நலமே. இனி வருவதை ஒருவரும் நம்பப் போவதில்லை என்று இப்போதே சத்தியம் செய்கிறேன்.

வயலுக்கு மருந்து தெளிக்கும் உன் ட்ரோனை வெளிநாட்டுக்கு விற்க அரசாங்கம் அனுமதி தராமல் இழுத்தடித்ததும், வாங்க வந்தவர்கள் "ட்ரோன் வராட்டி என்னங்க, நீங்களே வாங்க" என்று உன்னையே வேலைக்குக் கூட்டிப்போனதும் பழைய கதை. தடை இயந்திரத்துக்குத்தான், அதைச் செய்தவளுக்கு இல்லை என்பது விமான நிலையத்தில் கையசைத்தபோதுதான் எங்கள் மண்டையில் ஏறியது. போன வாரம் அந்தத் தடையைத் தளர்த்திவிட்டார்கள். எடை வரம்புக்குள் இருந்தால் அனுமதியே வேண்டாமாம். கேட்டதும் உன் அப்பா தைத்துக்கொண்டிருந்த சட்டையை ஒரு கையோடு விட்டுவிட்டு, பட்டறையில் நீ வைத்துப்போன ட்ரோனைத் தராசில் ஏற்றினார். மயிரிழை கூடுதல். "தூசி படியக்கூடாதுன்னு உறை தைச்சுப் போட்டேன்டா, அதான்" என்று அதைக் கழற்றினார். தூக்கிப்போகிறவன் எடையையும் சேர்ப்பார்களோ என்று மீசையையும் எடுத்தார். உனக்கே அனுப்புவதாக ஏற்பாடு. சரக்கு அலுவலகம்வரை ஊரே இருபுறமும் நின்று வழிவிட்டது.

"யாருக்குங்க பார்சல்?" என்றாள் அங்கிருந்த பெண்.

"என் பொண்ணுக்கு."

"செஞ்சது?"

"அவதாம்மா."

"செஞ்சவங்களே அங்க இருக்காங்க. இது அங்க போய் என்னங்க செய்யப்போகுது?"

உன் அப்பா பெட்டியின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினார். அந்தக் கேள்வி தாங்காமல் ட்ரோன் பெட்டியைக் கிழித்துக்கொண்டு, தடுக்கப்போன என்னையும் தொங்கவிட்டு எழும்பியது. இரண்டு மேகங்களில் என் வழுக்கை இடித்தது. பேட்டரி தீரும்போது வீட்டுக்கே திரும்பும்படி நீ பழக்கியிருந்தாயே, அதன்படி நம் மொட்டைமாடியில், நீ வரைந்த மஞ்சள் வட்டத்தின் நட்டநடுவில் இறங்கியது. அதற்குள் பேருந்தில் வந்து சேர்ந்திருந்த உன் அப்பா சொன்னார்: "இதுக்காவது திரும்பி வரத் தெரியுதே."

கொஞ்சம் முன்னால் தளர்த்தியிருக்கலாம், மகளே. பிந்தி வந்த நல்ல செய்தியை எங்கே உட்கார வைப்பதென்று தெரியாமல் இரண்டு கிழவர்கள் விழிக்கிறோம்.

நீ செய்வதெல்லாம் உயரப் பறக்கட்டும். நீ மட்டும் அவ்வப்போது இறங்கு.

இப்படிக்கு,
சித்தப்பா

பி.கு.: தடை தளர்ந்ததை நீயே செய்தியில் பார்த்திருப்பாய், அது என் கைவரிசை அல்ல. மற்றபடி மீசை பத்திரமாக இருக்கிறது. பெட்டி கட்டவில்லை, சரக்கு அலுவலகம் எந்தத் திசையென்றே தெரியாது, மேகமும் பொய். ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம்: அந்த வட்டம். மழையில் அழிய அழிய, உன் அப்பா மாடியேறி, அளவு மாறாமல் மஞ்சள் பூசிவிட்டு வருகிறார். கேட்டால், "பெயின்ட் மிச்சம் இருந்துச்சுடா" என்கிறார். அந்த மிச்சத்தைக் கடையில் வாங்கி வருகிறவன் நான்தான்.