என்னைப் பெண் பார்த்த அன்று மவுஸ் செய்த வேலை

என்னைப் பெண் பார்த்த கதையை யாராவது கேட்டால், பழியை மவுஸ் மேல் போட்டுத்தான் ஆரம்பிப்பேன். மவுஸுக்கு வாய் கிடையாது, மறுத்துப் பேசாது. உண்மையைச் சொல்வதென்றால், ஒரு பொருள் கெட்டுப்போனால் அதைக் கழற்றிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. திரும்ப மாட்டத் தெரியுமா என்பது வேறு விஷயம். (அம்மா வீட்டு மிக்ஸி இன்றைக்கும் ஒரு ஸ்க்ரூ குறைவாகத்தான் ஓடுகிறது.)

ஊரடங்குக் காலம் அது. கோவை சிங்காநல்லூரில் தண்ணீர் பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். ஆபீஸை மூடியபோது என் கம்ப்யூட்டரை கீபோர்டு, மவுஸ், கேமரா சகிதம் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் அதற்கு ஒரு மேஜை போட்டார் அப்பா. வந்த கொஞ்ச நாளிலேயே மவுஸ் தன் குணத்தைக் காட்டத் தொடங்கியது.

இடது பட்டனை நான் ஒரு முறை அழுத்தினால், இரண்டு முறை அழுத்தியதாக அது கம்ப்யூட்டரிடம் போய்ச் சொல்லும். ஒரு வரைபடத்தை மூடினால் அதற்குப் பின்னால் இருந்ததும் சேர்ந்து மூடிக்கொள்ளும். ஒரு கோட்டை அழித்தால் பக்கத்துக் கோடும் காணாமல் போகும். அதையும் ஒழுங்காகச் செய்யாது. காலையில் யோக்கியமாக இருந்துவிட்டு, மேனேஜர் பார்க்கும் நேரமாகப் பார்த்து ஆரம்பிக்கும்.

முதலில் என் விரலைச் சந்தேகப்பட்டேன். பிறகு மேஜையை. ஒரு பழைய காலண்டர் அட்டையை அடியில் வைத்துப் பார்த்தேன். ஒயரைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருகினேன். டூத் பிரஷ்ஷால் பட்டன் இடுக்கைத் தேய்த்தேன். செட்டிங்ஸில் டபுள் கிளிக் வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன், மறுபடி கூட்டினேன். அதே பக்கத்தில், இடது பட்டனின் வேலையை வலது பட்டனுக்கு மாற்றிவிடும் வசதி ஒன்றும் இருந்தது. அதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. ஆனால் அது தோல்வியை ஒப்புக்கொள்வது போல எனக்குப் பட்டது. பம்பையே வரைகிறவள், போயும் போயும் ஒரு மவுஸிடம் தோற்பதா? புதிதாக வாங்கலாமென்றால் கடைகளும் மூடிக் கிடந்தன. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

மவுஸின் ஸ்க்ரூ அடியில் ஒட்டிய ஸ்டிக்கருக்குள் ஒளிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் ஒரு கொக்கி உடைந்துவிட்டது. உள்ளே பட்டனுக்குக் கீழே ஒரு குட்டி சுவிட்ச். அதற்குள் நகத்தைவிடச் சின்னதாக ஒரு செம்புத் தகடு. விரல் பட்டதும் ஒரு முறை வளைந்து நிமிர வேண்டிய தகடு, தேய்ந்துபோனதால் துள்ளிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதைச் சரியாக வளைக்கலாம் என்று ஊசியால் நெம்பினேன். தகடு பறந்து எங்கோ விழுந்தது.

அப்பா டார்ச் அடித்தார். நான் தரையில் தவழ்ந்தேன். அம்மா எங்கள் இரண்டு பேரையும் நகரச் சொல்லிவிட்டுக் கூட்டி, முறத்தில் அள்ளிய குப்பையில் தகட்டைக் கண்டுபிடித்தாள்.

"ஏஞ்சாமி, ஓடற வரைக்கும் ஓடட்டும்னு உட்டுபோடக் கூடாதா?" என்றார் அப்பா.

தகட்டைத் திரும்ப மாட்டினேன். உடைந்த கொக்கிக்குப் பதிலாக மவுஸின் இடுப்பில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டேன். சோதித்துப் பார்க்க ஒரு ஃபோல்டரை அழுத்தினேன். அழுத்தியதும் திறந்தது. இன்னொன்று. அதுவும் திறந்தது.

"பாருங்கப்பா! முன்னயெல்லாம் ரெண்டு தடவ அமுத்துனாத்தான் தெறக்கும். இப்ப ஒண்ணே போதும்!"

வியாதி முற்றியிருப்பதைத்தான் குணமாகிவிட்டதென்று நான் அறிவித்தேன். அப்பாவும் பெருமையாகத் தலையாட்டினார். என்னைப் படிக்க வைத்ததற்குப் பலன் கிடைத்த மாதிரி இருந்தது அவர் முகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கோபிசெட்டிபாளையத்திலிருந்து என்னைப் பெண் பார்ப்பதாக இருந்தது. மாப்பிள்ளையின் பெயர் மோகன். விவசாயம் படித்துவிட்டு ஊரிலேயே வாழைத் தோட்டமும் பால் பண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஓடவில்லை, அதனால் வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. போனில் முகம் தீப்பெட்டி அளவுதான் தெரியும், பெரிய கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றாள் அம்மா. கம்ப்யூட்டரை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். ஆக, பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கையில் மவுஸைப் பிடித்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். பக்கத்துத் தெருவிலிருந்து அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

திரையில் அவர்கள் மூன்று பேர். நடுவில் மோகனின் அம்மா, ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் மோகன். முறைப்படி நான் காபித் தட்டு கொண்டுவர வேண்டும் என்றாள் அம்மா. எழுபது எண்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு எப்படிக் காபி கொடுப்பது என்று கேட்டேன். "கேமராகிட்ட காட்டு, போதும்" என்றாள். காட்டினேன். மோகன் அனிச்சையாகக் கையை நீட்டிவிட்டார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துப்போனது. (காபியை மாமா குடித்தார்.)

ஆனால் அதற்குப் பிறகு மோகன் வாயே திறக்கவில்லை. எல்லாவற்றையும் அவர் அம்மாவே பேசினார்.

எங்கள் கோவைப் பக்கத்து மரியாதையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். திட்டினால்கூட மரியாதையோடு திட்டுகிறவர்கள் நாங்கள். முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்வது எங்களுக்கு வராது. பந்தியில் சோறு வேண்டாம் என்பதற்கே நாலு வாக்கியம் சொல்வோம். அதனால் ஒருவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டுக்குப் போய் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நான் தொடர்ந்து வேலைக்குப் போவதைப் பற்றி அப்பா மெல்லப் பேச்செடுத்தபோது, மோகனின் அம்மா சிரித்த முகத்தோடு, "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்றார். நானும் சிரித்த முகத்தோடு, "சரிங்க" என்றேன். அதாவது, அவர் வேண்டாம் என்றார், நான் முடியாது என்றேன். சுற்றியிருந்தவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போய்விட்டதாக நினைத்தார்கள்.

"நாங்க சித்த நேரம் கலந்து பேசிக்கறோமுங்க. நீங்களும் பேசிக்குங்க" என்றார் அவர். நேரில் வந்திருந்தால் வாசல் பக்கம் போய்ப் பேசுவார்கள். இங்கே மியூட்தான் வாசல். அவர்கள் மியூட் போட்டுக்கொண்டார்கள். நானும் மியூட் பட்டனை அழுத்தினேன். மைக் படத்தின் மேல் குறுக்குக் கோடு வந்ததைக் கண்ணால் பார்த்தேன். வந்த வேகத்தில் அது போனதைப் பார்ப்பதற்குள் மாமா பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஏனக்கா, மாப்ள பேசுவாரா, இல்ல அதுக்கும் அந்தம்மாதானா? அந்தூட்ல அடுப்புப் பத்த வெக்கோணும்னாலும் அந்தம்மாகிட்ட மனுக் குடுக்கோணுமாட்ட இருக்குது."

"தலமுடியுமல்லோ கொஞ்சம் கம்மியா இருக்குது" என்றாள் அம்மா. "போட்டோவுல இப்படித் தெரியல."

"பையன் நல்ல பையனாத்தான் தெரியறாப்ல" என்றார் அப்பா. "நீ என்ன கண்ணு சொல்றே?"

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. இல்லாவிட்டாலும் ஞாபகப்படுத்த ஆள் இருக்கிறார்கள்.

"எனக்கு அவரப் புடிச்சிருக்குதுப்பா. கையை நீட்டிப்போட்டுச் சிரிச்சாரல்லோ, அப்பவே புடிச்சுப்போச்சு. ஆனா அவங்கம்மா அப்பறம் பாக்கலாம்னு சொன்னா, எப்பவும் இல்லைன்னு அர்த்தம். நான் வரைஞ்ச பம்பு இன்னிக்கு யாரோட கிணத்துலயோ தண்ணி எடுத்துட்டு இருக்குது. அத உட்டுபோட்டு என்னால இருக்க முடியாது. அவரா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லட்டும், இன்னிக்கே சரிங்கறேன். அம்மா சொல்றதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கற ஆளுன்னா எனக்கு வேண்டாம்."

சொல்லி முடித்தபோது கண் கலங்கியிருந்தது. வீட்டில்கூட நான் அப்படிப் பேசியதில்லை. துடைத்துக்கொண்டேன். அப்போதுதான் திரையைக் கவனித்தேன். மூன்று முகங்களும் அசையாமல் இருந்தன. கொஞ்ச நேரம் முன்புவரை அவர்களுக்குள் அசைந்துகொண்டிருந்த வாய்கள் மூடியிருந்தன.

"நெட்டு நின்னுபோச்சாட்ட இருக்குது" என்றார் மாமா.

மோகனின் அப்பா கண் இமைத்தார். நெட் நிற்கவில்லை.

மோகன் மெதுவாகக் கையை நீட்டி அவர்கள் பக்க மியூட்டை எடுத்தார். "ஏனுங்க... உங்க மைக் ஆன்ல இருக்குதுங்க."

நான் மியூட் பட்டனை அழுத்தினேன். கோடு வந்தது, போனது. மறுபடி அழுத்தினேன். வந்தது, போனது. ஆத்திரத்தில் குத்தினேன். ரப்பர் பேண்ட் அறுந்து மவுஸ் வாயைப் பிளந்தது. அம்மா ஓடிவந்து முந்தானையால் கேமராவை மூடினாள். படம் மட்டும் மறைந்தது. "ஒயரப் புடுங்கு, ஒயரப் புடுங்கு!" என்று மாமா கத்தியது கோபியில் தெளிவாகக் கேட்டிருக்கிறது. அப்பா அவசரத்தில் டி.வி.யின் ஒயரைப் பிடுங்கினார்.

கலவரத்துக்கு நடுவே மோகனின் குரல் வந்தது. "மவுஸ்ல இடது பட்டன் போயிருக்குதுங்க. ஒரு தடவ அமுத்துனா ரெண்டா உழுகுது. எங்க பண்ணையில இருக்கறதும் அப்படித்தானுங்க. செட்டிங்ஸ்ல வலதுக்கு மாத்திக்கலாமுங்க." கேமராவுக்குக் கிட்டே குனிந்தார். "இல்லீனா உட்டுருங்க. மியூட் வேண்டாமுங்க. இப்படியே பேசிக்கலாம்."

அம்மா முந்தானையை எடுத்தாள். வேறு வழியில்லை.

"வேலைய உடச் சொல்ற எண்ணம் எனக்கு இல்லீங்க" என்றார் மோகன். காது வரை சிவந்திருந்தது. "ஆனா இங்கிருந்து சிங்காநல்லூர் போக வர நாள்ல பாதி போயிரும். அதுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. தெரியாம எதுக்குச் சொல்றதுன்னு வாயத் தொறக்கல. அம்மாவுக்குப் பின்னால ஒளியலீங்க."

எல்லோரும் அவர் அம்மாவைப் பார்த்தோம். அவர் என் அம்மாவைப் பார்த்தார். "முடி கம்மிதானுங்க. அவங்கப்பாவுக்கும் இந்த வயசுல அப்படித்தானுங்க." மோகனின் அப்பா தன் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு மோகனின் அம்மா என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னது நெசந்தான் கண்ணு. வேண்டாம்னுதான் சொன்னேன். மருமவ ஊட்டுக்கு வந்தா பேச்சுத்தொணைக்கு ஆச்சுன்னு நெனச்சேன். அத நேரா கேக்க வாய் வல்ல."

எனக்கு அவமானத்தில் மேஜைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. அதே நேரம் நெஞ்சு லேசாகவும் இருந்தது. அரை மணி நேரம் மரியாதையாகப் பேசியதில் அந்த அம்மாவைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

அன்றைக்கே எதுவும் முடிவாகவில்லை. எங்களுக்குள் பேசிப் பேசித்தான் முடிவானது. நிச்சயத்துக்கு அவர்கள் கொண்டுவந்த தட்டில் சேலை, பூ, பழத்தோடு ஒரு புது மவுஸும் இருந்தது. இப்போது வாரத்தில் பாதி நாள் சிங்காநல்லூரில் அம்மா வீட்டில் தங்கி ஆபீஸ் போகிறேன், மீதி நாள் கோபியில் இருந்து வரைகிறேன். யாருக்கும் இது முழு சௌகரியமில்லை. ஆனால் இது அசௌகரியம் என்று எல்லோரும் எல்லோரிடமும் சொல்லிவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பத்திலும் இன்னும் ஓடுகிறது. யாராவது பூசி மெழுகினால், "செரி, இப்ப மியூட் போட்டுட்டுச் சொல்லு" என்பார் அத்தை, அதாவது மோகனின் அம்மா. சாம்பார் நன்றாயிருக்கிறது என்று என் தாய்மாமா சொன்னாலும் இதே கேள்விதான். அவரும் ஒருமுறை உண்மையைச் சொல்லி மோர் ஊற்றிக்கொண்டார்.

போன மாதம் அத்தைக்குக் கோவையில் முழங்காலில் ஆபரேஷன். அன்று காலை அறையில் நான் மட்டும் கூட இருந்தேன். "எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கறேன். நீ போய்ச் சாப்புட்டுட்டு வா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். போர்வை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அத்தை, மியூட் போட்டுட்டுச் சொல்லுங்க" என்றேன்.

சிரித்தார். மோகன் வருகிறாரா என்று கதவைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயமா இருக்குது கண்ணு. எங்கயும் போயிராதே."

நான் போகவில்லை. ஆட்கள் வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும் வரை கையை விடவில்லை. வராண்டாவில் திரும்பும்போது அத்தை நர்ஸிடம் சொல்வது கேட்டது.

"எனக்குப் பயமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. மருமவதான் பாவம், பயந்துட்டு இருக்கறா."