பஞ்சு சுற்றிய ஆறு ஜியோபோன்கள்

அன்பு மருமகள் நடாஷாவுக்கு,

நாவலப்பிட்டியிலிருந்து சுவக்கின் மாமா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் மாமி பெற்றீசியாவும் சுகம். வீடும் சுகம். வீட்டின் சுகத்துக்கு உனக்குத்தான் நன்றி. போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் மலை சரியுமா என்று பார்க்க உன் கண்டி மண்சரிவு அலுவலகத்திலிருந்து, அளவெடுக்கும் தினுஷனின் ஆட்கள் முதல்முறை வந்தார்களே, அன்று நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அடியில் ஆணி வைத்த பன்னிரண்டு ஜியோபோன்களை, அதாவது நில அதிர்வு கேட்கும் கருவிகளை, வரிசையாக மண்ணில் குத்தினார்கள். சம்மட்டியால் நிலத்தில் அடித்தால் அந்த அதிர்வு ஒவ்வொன்றுக்கும் எப்போது வந்து சேருகிறது என்று பதிவாகுமாம். கெட்டி நிலமென்றால் சீக்கிரம், பொலபொலத்த மண்ணென்றால் தாமதம். குத்தி முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். முப்பது வருடம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தவன் நான், அவ்வளவு விலையுள்ள சாமான் சேற்றில் நிற்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? ஒவ்வொன்றாகப் பிடுங்கி, டெட்டோல் போட்டுக் கழுவி, ஆணியில் பஞ்சு சுற்றி, புண்ணுக்குக் கட்டும் கோஸ் துணியால் கட்டி, திரும்ப இருந்த இடத்திலேயே வைத்தேன். மழை வரும் குணமாக இருந்ததால் மேலே சோறு கட்டும் லஞ்ச் சீட்டும் போர்த்தினேன். வீட்டுப் பக்கத்து ஆறு ஜியோபோன்களும் முடிந்தபோது அவர்கள் கைகழுவ எழும்பிவிட்டார்கள். நானும் நல்லபிள்ளையாக உள்ளே வந்துவிட்டேன். தங்களில் யாரோ மழைக்கு மூடியதாக நினைத்து அவர்கள் அப்படியே அடித்துப் பதிவெடுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு வந்த செய்தி உனக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் இருபதடி ஆழத்துக்குப் பொலபொலத்த மண், மாத முடிவுக்குள் வெளியேற வேண்டும். உன் மாமி மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. என் பென்ஷன் காசெல்லாம் சுவராக நிற்கிற வீடு. எங்கே போவது?

நீ மட்டும்தான் அந்தப் பதிவுகளை ஒவ்வொரு கோடாகப் பிரித்துப் பார்த்தாய். முதல் ஆறும் பளிச்சென்று இருக்க, ஏழிலிருந்து எல்லாம் மங்கலாகவும் பிந்தியும் வருவதைக் கண்டுபிடித்துப் போன் எடுத்தாய்.

"மாமா, நெலம் இப்படிக் கோடு போட்டமாதிரிப் பிரியாது. சாப்பாட்டு நேரத்துல யாரும் அதத் தொட்டாங்களா?"

இல்லை என்றேன். "மாமா?" என்று திரும்பக் கேட்டாய். அந்த ஒரு சொல்லுக்கே பஞ்சிலிருந்து லஞ்ச் சீட் வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நீ திட்டவில்லை, மேலிடத்திலும் போட்டுக்கொடுக்கவில்லை. பதிவைத் தள்ளிவிட்டு ஆட்களைத் திரும்ப அனுப்பினாய். இரண்டாம் முறை நான் வெளியே எட்டியும் பார்க்கவில்லை, அடித்ததில் ஆறடியிலேயே பாறை! உன் பொறுமையால்தான் எங்களுக்குக் கூரை மிஞ்சியது. இந்த நன்றியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மாதா உன்னையும் உன் கண்களையும் காக்கட்டும். அம்மா ஷிராணிக்கு இந்த அண்ணனின் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா சுவக்கின்

பி.கு.: உறையில் போடுமுன் கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். பாறை என்ற இடத்தில் அவள் முகம் மாறியது. முதல்முறை வந்தவர்கள் அவளுடைய போஞ்சிப் பாத்தியை மிதித்துவிட்டார்களாம். அதனால் இரண்டாம் முறைக்கு அடையாளக் குச்சிகள் நட்டுவிட்டுப் போன அன்றே, அவள் அவற்றைப் பிடுங்கி அறுபதடி தள்ளி மாதா கோயில் காணியில் நட்டிருக்கிறாள். அடிக்க வந்தவர்களும் குச்சி நின்ற இடத்திலேயே அடித்திருக்கிறார்கள்; பாறை இருப்பது கோயிலுக்கு அடியில். எங்களுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று இன்னும் ஒருவருக்கும் தெரியாது. நாளைக் காலை பஸ்ஸில் இரண்டு பெட்டிகளோடு உன் வீட்டுக்கு வருகிறோம். தினுஷனிடம் சொல், மூன்றாம் முறை வீட்டில் நாங்கள் இருக்க மாட்டோம், நிம்மதியாக அடிக்கலாம்.