பாடி வந்ததும் கோரலைக் கேட்கவும்

ஜெட்டி சாலை,
டன்னக் குடா,
தென் ஆஸ்திரேலியா.
வெள்ளிக்கிழமை

என் நெட்டைக்கு,

கோரல் எழுதுவது. கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். உன்னை எப்படி விசாரிப்பது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் சரியாக வரவில்லை, அதனால் என் பக்கத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். முழங்கால் பரவாயில்லை. கோழிகளில் இரண்டு முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. கூரை ஒழுகின இடத்திலேயே ஒழுகுகிறது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட மீன் ஷெட்டில் இருந்ததுதான் அதிகம் என்பது உனக்குத் தெரியும், எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். இந்த வீட்டில் கடிதம், படிவம், கையெழுத்து எல்லாம் நீதான் பார்த்தாய். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி வைட்டிங் மீன் பிடிக்கிறேன் என்று படகை எடுத்துக்கொண்டு போனாய். படகு மட்டும் கிடைத்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்ததாம், ஃப்ளாஸ்க்கில் டீ சூடாகவே இருந்ததாம். அதற்குப் பிறகு கையெழுத்தெல்லாம் நான்தான் போடுகிறேன்.

உன் தங்கை நோலீன் மூன்று மாதமாக என்னை விடவில்லை. "அண்ணி, ஊரே காத்துக்கிட்டு இருக்கு. ஹால்ல ஒரு பிரார்த்தனை வச்சு, படகுத்துறை ஜெட்டிக் கம்பியில பேரு போட்டு ஒரு பித்தளைத் தகடு அடிச்சிட்டா அண்ணனுக்கு நிம்மதி" என்பாள். "அவனுக்கு நிம்மதின்னு அவன் வந்து சொல்லட்டும்" என்பேன் நான். கடைசியில் ஒருநாள் கால்பந்து கிளப்பில் எல்லாரும் மீட் பை தின்றுகொண்டிருக்கும்போது, எனக்கு வாய் அடங்காமல், "பாடி வரட்டும். பாடி வந்த அன்னைக்கு நானே ஹாலைத் திறந்து நாற்காலி போடறேன். அதுவரைக்கும் மெர்வ் செத்துட்டான்னு யாரும் என்கிட்ட வரக்கூடாது" என்று சொல்லிவிட்டேன். சொன்னது தப்பு. ஊர் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. கெட்டில் ஒரு பக்கம் கொதித்துக் கூவுகிறது, கோழி ஒரு பக்கம் கத்துகிறது, தணிந்த குரலில் ஒரு ஆள், "மெர்வ் வீட்டம்மாங்களா? லின்ட்சே பேசறேன். அவரோட பாடி வந்திருச்சும்மா. நேத்துதான் அடிலெய்டுல இருந்து வந்துச்சு. மெயின் தெரு, மருந்துக்கடைக்கு அடுத்தது. எப்ப வேணா வந்து எடுத்துக்கலாம்" என்கிறார். மருந்துக்கடைக்கு அந்தப் பக்கம் அடக்கம் செய்பவர்களின் ஆபீஸ் இருக்கிறது, வேறு என்ன நினைப்பேன். சரி என்று சொல்லி வைத்துவிட்டு உன் நீலக் கோட்டு சூட்டை எடுத்து இஸ்திரி போட்டேன். ஷூவுக்கு பாலிஷ் போட்டேன். அழவில்லை, வேலை இருந்தது. நோலீனுக்குச் சொன்னேன், அவள் பாஸ்டருக்குச் சொன்னாள், பாஸ்டர் மனைவி மற்றவர்களுக்குச் சொன்னாள், சாயங்காலத்துக்குள் நம் வீட்டு மேஜையில் துக்க வீட்டுச் சாப்பாடாக நாலு லசானியா, இரண்டு ஆப்பிள் கேக். போலீஸ் சார்ஜென்ட் வேறு போன் போட்டு, பாடி கிடைத்ததை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டார். எனக்கும் அதே கேள்விதான் என்றேன்.

மறுநாள் நானும் நோலீனும் பின்பக்கம் திறந்த உன் யூட் வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனோம். பின்னால் ஒரு மெத்தையைப் போட்டுக்கொண்டோம். மருந்துக்கடைக்கு அடுத்த கதவைத் திறந்தால் உள்ளே சுவரெல்லாம் கல்யாணப் படங்கள், குழந்தைப் படங்கள். செத்தவர்களை இந்தக் காலத்தில் இப்படித்தான் மாட்டுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். கறுப்பு ஏப்ரன் போட்ட ஒரு வழுக்கைத் தலை ஆள் வந்தார். அவர்தான் லின்ட்சே.

"மெர்வ் பாடியை எடுக்க வந்திருக்கோம்," என்றேன்.

"உள்ள பத்திரமா வச்சிருக்கேன்மா."

"ரொம்பக் கெட்டுப்போயிருக்கா?"

"சேச்சே. ஒரு கீறல் கிடையாது. இப்பல்லாம் தண்ணி பட்டாலும் தாங்கற மாதிரிதான் வருது. முன்னாடி மூடி போட்டிருக்கு, அதை மட்டும் கழட்டாதீங்க, உள்ள தூசி போயிடும்."

நான் சூட்டை மேஜைமேல் வைத்தேன். "தூக்கறதுக்கு ஆள் வேணுமா? நாங்க ரெண்டு பேருதான் வந்திருக்கோம்."

"பாடி மட்டும்னா அறுநூறு கிராம்தாம்மா. பையிலயே போட்டுக்கலாம்."

நோலீன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் கொண்டுவந்து வைத்தது ஒரு அட்டைப் பெட்டி. அதன்மேல் 'பாடி மட்டும்' என்று அச்சடித்திருந்தது. உள்ளே கேமரா. லென்ஸ் இல்லாமல், கண் தோண்டியெடுத்த மாதிரி. நாங்கள் நுழைந்தது மருந்துக்கடைக்கு இந்தப் பக்கம் இருந்த கேமராக் கடை; லென்ஸ் இல்லாத கேமராவுக்கும் பெயர் பாடிதானாம். நோலீன் தரையில் இருந்தபடியே சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள். லின்ட்சே என்னையும் சூட்டையும் மாறி மாறிப் பார்த்து, விஷயம் புரிந்ததும், நாற்காலியைத் தேடினார், எனக்கில்லை, அவருக்கு. நீ ஏன் கேமரா வாங்கினாய் என்று எனக்குத் தெரியாது. நம் கல்யாணத்தில்கூட படத்துக்கு நிற்க மாட்டேன் என்று வெளியே ஓடிய ஆள் நீ. ஆர்டர் சீட்டை அவர் காட்டினார். ஏப்ரல் பத்தாம் தேதி. உன் கோழிக்கிறுக்கல்தான். "லென்ஸ் இப்போது வேண்டாம். பாடி வந்ததும் கோரலைக் கேட்கவும்."

முப்பத்தொரு வருஷத்தில் நீ என்னைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று நினைத்தது இது ஒன்றுதான். சமையலறைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தபோதுகூடக் கேட்கவில்லை. அதனால்தான் திருப்பிக் கொடுத்துவிட்டு வர மனசு வரவில்லை. கேட்டிருக்கிறாய், பதில் சொல்ல வேண்டும்.

லின்ட்சே பாவம், அரை மணி நேரம் எடுத்துச் சொன்னார். லென்ஸில் இரண்டு ஜாதியாம். ப்ரைம் என்பது ஒரே கணக்கில் நிற்குமாம், திருகினால் எட்டியும் போகாது, கிட்டேயும் வராது. ஜூம் என்பது திருகத் திருக இழுத்துக் கொடுக்குமாம். "சுருக்கமாச் சொன்னா, ப்ரைம்னா நீங்கதாம்மா அதுகிட்ட நடந்து போகணும். ஜூம்னா நீங்க நிக்கிற இடத்துலயே நில்லுங்க, அது உங்ககிட்ட வரும்" என்றார். நீ என்னைக் கேட்கச் சொன்னது லென்ஸைப் பற்றித்தானா என்று அப்போதே தோன்றியது. ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று முப்பத்தைந்து என்று எண் போட்ட ப்ரைம் ஒன்றும், எழுபது முதல் இருநூறு வரை போட்ட ஜூம் ஒன்றும் கொடுத்தனுப்பினார். வரும் வழியில் நோலீன், "பாடி வந்துருச்சுல்ல அண்ணி, சொன்ன வார்த்தை" என்றாள்.

திங்கள்கிழமை காலையில் மூடுபனி. ப்ரைமை மாட்டிக்கொண்டு ஜெட்டிக்கு, கடலுக்குள் நீளும் அந்தப் பலகைத் துறைக்குப் போனேன். கண்ணில் வைத்துப் பார்த்தால் ஜெட்டி முனையில் ஒருத்தர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், மஞ்சள் மழைக்கோட்டு. கேமராவை இறக்கினால் பனிதான் இருக்கிறது. மறுபடி வைத்தால் நிற்கிறார். சரி, லின்ட்சே சொன்னபடி நான்தான் நடக்க வேண்டும் என்று கண்ணை எடுக்காமல் நடந்தேன், பத்துத் தப்படிக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே போனேன். அந்த முதுகு கட்டைவிரல் அளவு இருந்தது, நடந்தாலும் கட்டைவிரல் அளவுதான், இன்னும் நடந்தாலும் அதேதான், கிட்டத்தில் வந்தே தீருவேன் என்று வேகமாகப் போகிறேன், யாரோ என் கோட்டைப் பிடித்து இழுத்தார்கள். டரில். அங்கே கணவாய் மீன் பிடித்துக்கொண்டிருந்தவன்.

"கோரலக்கா, பலகை முடிஞ்சு போச்சு. எங்க போறீங்க?"

குனிந்து பார்த்தேன். ஒரு கால் பலகையில், இன்னொன்று காற்றில்.

"லென்ஸ் பாக்கறேன்டா," என்றேன்.

"கடலுக்குள்ள போயி பாக்கற லென்ஸா? அதைக் கடையிலயே வச்சுட்டு வந்திருக்கலாம்," என்றவன் தூண்டிலை அப்படியே போட்டுவிட்டு என் கையைப் பிடித்து வீடுவரை கொண்டுவந்து விட்டான். நல்லவன்.

சாயங்காலம் லின்ட்சேவுக்குப் போன் போட்டேன். "ப்ரைம் போட்டுக்கிட்டு நடந்தா, எதிர்ல இருக்கறது பெருசாகணும்தானே?"

"ஆகணும்மா."

"ஏழு படத்துலயும் ஒரே அளவா இருந்தா?"

"அப்ப அதுவும் அதே வேகத்துல நடந்து போகுதுன்னு அர்த்தம்மா," என்றார்.

நான் வர வர நீ போகிறாய் என்று புரிந்துகொண்டேன். அதனால் செவ்வாய்க்கிழமை ஜூமை மாட்டி, சமையலறை ஜன்னல் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, நகராமல் உட்கார்ந்தேன். நீ நம் பின்பக்கம் தண்ணீர் ஓரத்தில் நின்றாய். அப்போதும் முதுகுதான். இருநூறில் வைத்தால் தலை முதல் கால் வரை சட்டத்துக்குள் சரியாக நின்றாய். நோலீனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அண்ணி, அது பெலிகன்" என்றாள். பெலிகன் பறவைக்கு ரப்பர் பூட்ஸ் இருக்குமா என்று கேட்டேன். லசானியாவைச் சூடாக்கப் போய்விட்டாள். புதன்கிழமை நூற்று முப்பத்தைந்தில்தான் அடங்கினாய், வேலிக்குப் பக்கத்தில். வியாழக்கிழமை நூறு, துணிக்கொடிக்குக் கீழே. ஆள் கிட்டே வர வர எண்ணைக் குறைத்தால்தான் முழுதாக அடங்கும்; அந்த வளையத்தில் எண் போட்டிருப்பதால் சொல்கிறேன், நானாகக் கற்பனை செய்யவில்லை. நான் எழுந்துகூட நிற்கவில்லை, நீ முதுகைக் காட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்து நடந்து வருகிறாய்.

வியாழக்கிழமை நோலீனை மறுபடி பார்க்க வைத்தேன்.

"மழைக்கோட்டு அண்ணி. கொடியில தொங்குது. நீங்கதானே காயப்போட்டிருக்கீங்க."

"எந்த மழைக்கோட்டு?"

"அண்ணனோடது. மஞ்சள்..." அதோடு நிறுத்திவிட்டாள். நீ போன அன்றைக்கு அதைத்தான் போட்டிருந்தாய், அவளே போலீஸில் எழுதிக் கொடுத்தது. கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள். கொடியில் ஒரு கிளிப்கூட இல்லை. கேமராவை மேஜையில் மெதுவாக வைத்துவிட்டு, கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள், அடுப்பில் வைக்க மறந்து அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சனிக்கிழமை பத்து மணி. ஹால்ல சொல்லிடறேன். இனி தள்ளக்கூடாது அண்ணி. போக வேண்டியவங்களுக்குப் போன்னு ஒருத்தர் சொல்லணும்" என்றாள். அவள் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை.

இன்றைக்குக் காலையில் எழுபது. பின்வாசற்படிக்கு வெளியே, மீன் அறுக்கும் மேஜை பக்கத்தில். கோட்டு நனைந்திருப்பது தெரிகிறது, கழுத்து தெரிகிறது, வெயிலில் பொரிந்த அந்தக் கழுத்து. எழுபதுக்குக் கீழே ஜூமில் எண் இல்லை. லின்ட்சேயைக் கேட்டேன், இன்னும் கிட்டே வந்தால் என்ன செய்வது என்று. "ஜூம்ல அடங்காதும்மா, ப்ரைமை மாட்டிக்கோங்க. வீட்டுக்குள்ள வெளிச்சம் கம்மியா இருக்கும், அதுக்கும் ப்ரைம்தான் சரி" என்றார். வீட்டுக்குள் என்று நான் சொல்லவே இல்லை.

அதனால் முடிவு செய்துவிட்டேன் நெட்டை. ப்ரைமும் வேண்டாம், ஜூமும் வேண்டாம். நான் உன்னிடம் வருவதும் சரியில்லை, நீ இப்படி வருவதும் சரியில்லை. கேமராவை இரண்டு லென்ஸோடு பெட்டியில் போட்டு திங்கள்கிழமை கொடுத்துவிடுகிறேன். நாளைக்குப் பத்து மணிக்கு ஹாலைத் திறந்து நானே நாற்காலி போடுகிறேன், பாஸ்டர் உன் பெயரைச் சொல்லும்போது எழுந்து நிற்கிறேன், தகட்டை எல்லார் முன்னாலும் தொடுகிறேன். நீ செத்துவிட்டாய். எழுதிப் பார்த்தேன், எழுத வருகிறது. நீ இருக்கும் இடத்தில் குளிர் அடிக்காமல் இருக்கட்டும், காற்று உன் முதுகுப் பக்கமே வீசட்டும், என்னை நினைத்துக் கஷ்டப்படாதே, முன்னால் பார்த்துப் போ.

உன்னை அனுப்பிவைக்கும்,
கோரல்

பி.கு. சனிக்கிழமை, ஒன்பதே முக்கால். நோலீன் வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்கிறாள். ஹாலுக்கு நான் போகவில்லை, போக மாட்டேன். பெட்டியில் போடுவதற்கு முன்னால் ப்ரைமில் தூசி இருக்கிறதா என்று பார்ப்போமே என்றுதான் மாட்டினேன். சமையலறையில் இருந்து வீட்டுக்குள் நடைவழியைப் பார்த்து வைத்தேன். தலை முதல் கால் வரை சரியாக அடங்கியிருக்கிறாய், லின்ட்சே சொன்னது சரிதான், இந்த வெளிச்சத்துக்கு இதுதான் லென்ஸ். இதை வைத்துக்கொள்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிடலாம். நான் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. ஒரு கையில் கேமரா, ஒரு கையில் இந்தப் பேனா. நீ இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாய், தரையில் சொட்டுகிற சத்தம் கேட்கிறது. இப்போது நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், திரும்புவது நீதானே?