எந்தப் படகு நல்ல படகு?

தலைவலி என்றதும் வைத்தியம் சொல்ல ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். துறைமுக ஊர்களில் அவர்களோடு கூட இன்னொரு பிராணியும் உண்டு. அதற்குப் படகுசொல்லி என்று பெயர் வைத்திருக்கிறேன். அலாஸ்காவில் எங்கள் சூவர்ட் ஊரில் இந்த இனம் கொஞ்சம் அதிகம். குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும். மே மாதம் பனி உருகி, ரயிலிலும் காரிலும் வெளியூர்க்காரர்கள் வந்து இறங்க ஆரம்பித்ததும் வெளியே வரும். பழுப்பு நிற ரப்பர் பூட்ஸ், கையில் காப்பி, வானத்தைப் பார்த்து ஒரு சின்ன முகச்சுளிப்பு. இவைதான் அடையாளம்.

படகுத்துறையில் பயண விவரம் எழுதிய பலகையின் முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்று, ஆறு மணி நேரப் பயணமா, ஒன்பது மணி நேரமா, பனியாறு முக்கியமா, திமிங்கலம் முக்கியமா என்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் போதும். பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்கும்.

"அதுல போகாதீங்க."

எதில் போவது என்று அவர்களே இன்னும் முடிவு செய்யவில்லை. அதனால் என்ன? படகுசொல்லி முடிவு செய்துவிட்டார்.

பெரிய படகு ஆடாது, சாப்பாடும் நன்றாக இருக்கும், ஆனால் நூற்றைம்பது பேர் ஏறுவதால் திமிங்கலத்தை இரண்டு தொப்பிகளுக்கு நடுவில்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்பார். சின்னப் படகு பனிச்சுவருக்கு ரொம்பக் கிட்டத்தில் போகும், ஆனால் விரிகுடா முடிந்து திறந்த கடல் தொடங்கும் முனையைத் தாண்டியதும் காலையில் நீங்கள் சாப்பிட்டதெல்லாம் மீன்களுக்குப் போய்விடும் என்பார். ஒன்பது மணி நேரப் படகு தூரத்துப் பனியாறு வரைக்கும் போகும், ஆனால் வழியில் கடல் நீர்நாய் மல்லாந்து கிடந்து கிளிஞ்சல் உடைப்பதைப் பார்க்க நிற்காது என்பார். போகும்போது இடது பக்கம் உட்கார வேண்டும், வரும்போது வலது பக்கம். வெயிலடித்தால் நாளைக்குப் போங்கள் என்பார். மழை பெய்தால் நேற்றே போயிருக்க வேண்டும் என்பார்.

இவ்வளவு நுணுக்கமாக உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? முப்பத்தொரு வருடமாக நான்தான் இந்த ஊரின் மூத்த படகுசொல்லி.

என் தொழில் படகு இன்ஜின் பழுது பார்ப்பது. இந்தத் துறையில் நான் ஏறாத படகு கிடையாது. எல்லாம் கயிற்றில் கட்டிக் கிடக்கும்போது ஏறியதுதான். ஏறி, நேராகக் கீழே இறங்கி, எண்ணெய்க்கும் உப்புத் தண்ணீருக்கும் நடுவில் குப்புறப் படுத்து வேலையை முடித்துவிட்டு, வந்த வழியே கரைக்கு வந்துவிடுவேன். விரிகுடாவைத் தாண்டி, அந்த முனையைத் தாண்டி, ஒரு தடவைகூடப் போனதில்லை. கோடையில் வேலை தலைக்கு மேல் இருக்கும். குளிர்காலத்தில் படகுகள் ஓடாது. அதற்காக யோசனை சொல்லக்கூடாதா? ஒரு படகின் அடிவயிறு தெரிந்தவனுக்கு அதன் ஜன்னலிலிருந்து என்ன தெரியும் என்று தெரியாமலா போய்விடும்? இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், போன ஆகஸ்டில் என் அக்கா வரும் வரைக்கும்.

அக்கா ஆர்டித்துக்கு எழுபத்தொரு வயது. நெப்ராஸ்காவில் சோளக்காட்டு நடுவில் இருப்பவள். இடது காது போய்ப் பத்து வருடமாகிறது. வலது காதும் ஒரு கருவியின் தயவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் குளிர்காலம் வரைக்கும் தாங்கினால் பெரிய விஷயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடனே மூன்று நாளுக்கு விமானச் சீட்டு எடுத்துவிட்டாள்.

"டேய் வெண்டல், எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். ஐஸ் உடைஞ்சு கடல்ல விழற சத்தத்தைக் கேக்கணும். இடி மாதிரி இருக்கும்னு நீதானே ஃபோன் பண்றப்பல்லாம் பீத்திக்குவே?"

நான்தான் பீற்றிக்கொண்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் எனக்குச் சொன்னதை நான் அவளுக்குச் சொன்னேன்.

ஊரில் போகிற வருகிறவருக்கெல்லாம் ஒரு நிமிடத்தில் படகு சொன்னவன், சொந்த அக்காவுக்கு ஏதோ ஒரு படகைச் சொல்லிவிட முடியுமா? முதல் நாள் வானத்தில் ஒரு மேகம் இல்லை, கடலில் ஒரு சுருக்கம் இல்லை. வேறு யாராக இருந்தாலும் காலையிலேயே கிளம்பியிருப்பார்கள். நான் அவளைத் துறைமுகக் காப்பிக் கடைக்கு அழைத்துப் போனேன். அங்கே எங்கள் சங்கத்தின் மற்ற இரண்டு உறுப்பினர்களும் இருந்தார்கள். ஒருவன் பர்ல். குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவன், பெரிய படகுக் கட்சி. இன்னொருவர் நெஸ்டர். மீன் பதனிடும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சின்னப் படகுக் கட்சி.

"அக்கா, பெரிய படகுல போனீங்கன்னா நீங்க கேக்கப்போறது ஐஸ் சத்தம் இல்ல. பக்கத்து ஆளு சிப்ஸ் கடிக்கிற சத்தம்" என்றார் நெஸ்டர்.

"யோவ், சின்னப் படகுல அந்தம்மா வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தா எதைய்யா கேக்கும்?" என்றான் பர்ல்.

"நீ கடைசியா எப்பப் போனே?"

"நீ எப்பப் போனே?"

இருவரும் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். நான் ஒருவிதமாகச் சிரித்து, பேச்சைக் காற்றுப் பக்கம் திருப்பினேன். இப்படி வெயிலடித்தால் மத்தியானம் வடக்குக் காற்று கட்டாயம் எழும்பும் என்றேன். அன்று முழுவதும் எந்தக் காற்றும் எழும்பவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தவர்கள் முகமெல்லாம் சிவந்து, பல்லெல்லாம் தெரிய இறங்கினார்கள். அக்கா அவர்களையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

இரண்டாம் நாள் மழை. முனைக்கு வெளியே அலை ஒன்பது அடி என்று ரேடியோ சொன்னது. எந்தப் படகும் விரிகுடாவை விட்டு வெளியே போகவில்லை. நான் சும்மா இருந்தேனா? ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, எந்தப் படகு, எத்தனை மணி நேரம், எவ்வளவு கிட்டத்தில் போகும், எத்தனை ஜன்னல் என்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். படித்துக் காட்ட ஆரம்பித்தபோது அக்கா காதுக் கருவியைக் கழற்றி, டப்பாவில் வைத்து மூடினாள்.

மூன்றாம் நாள் காலையில் அட்டையும் கையுமாக நான் வெளியே வந்தபோது அவளைக் காணோம். படகுத்துறைக்கு ஓடினேன். டிக்கெட் ஜன்னலில் இருக்கும் டாஷாவிடம் அக்கா பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இதுல எது முதல்ல கிளம்புது?"

"இதோ, இன்னும் இருபது நிமிஷத்துல ஒண்ணு கிளம்புதும்மா."

"ரெண்டு பேருக்குக் குடு. இவனையும் கூட்டிட்டுப் போயித் தொலைக்கிறேன்."

முப்பத்தொரு வருடத்தில் அந்த ஜன்னலில் இப்படி ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எது முதலில் கிளம்புகிறது என்பதெல்லாம் ஒரு கேள்வியா? அதுவும் அந்தப் படகு! என் அட்டையிலேயே இல்லாத நடுத்தரப் படகு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அதன் எரிபொருள் பம்பு என்னை நான்கு நாள் அழவைத்தது என்ற ஒரே காரணத்துக்காக அதை நான் உலகத்தின் படகுக் கணக்கிலிருந்தே தள்ளி வைத்திருந்தேன்.

முனையைத் தாண்டியதும் எனக்குக் குமட்டியது. படகில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி இஞ்சி மிட்டாய் கொடுத்து, "ஊருக்குப் புதுசா, சார்?" என்று கேட்டாள். அக்கா மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாறையில் படுத்திருந்த கடற்சிங்கங்களைப் பார்த்துச் சிரித்தபடி நின்றாள்.

பிறகு திமிங்கலம் வந்தது. நன்றாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கண் திமிங்கலத்தில் இல்லை. அதற்கு அந்தப் பக்கம் பெரிய படகு நின்றது. இந்தப் பக்கம் சின்னப் படகு. சற்றுத் தள்ளி ஒன்பது மணி நேரப் படகு. ஒரு மாலுமி திமிங்கலத்தைக் கண்டால் ரேடியோவில் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுவாராம். முப்பத்தொரு வருடம் நான் பிரித்துப் பிரித்து வைத்த படகுகளெல்லாம் ஒரே முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றன. எல்லோரும் எல்லோருக்கும் கையாட்டினார்கள். ஒவ்வொருவர் முகத்திலும், பாவம், மற்ற மூன்று படகில் இருப்பவர்கள் ஏமாந்துவிட்டார்களே என்ற இரக்கம். வாயை மூடிக்கொள்ள அதுவே எனக்குப் போதுமான பாடம்.

மூடினேனா?

பனியாற்றின் முன்னால் இன்ஜினை நிறுத்தினார்கள். நீலச் சுவர் கடலுக்குள் காலை விட்டு நின்றது. "இனிமே யாரும் பேசாதீங்க. காதை மட்டும் குடுங்க" என்றார் மாலுமி. அக்கா கம்பளித் தொப்பியைக் கழற்றினாள். கழுத்தைத் திருப்பி, வலது காதைச் சுவரைப் பார்த்து வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு வலது பக்கத்தில் நான் நின்றேன்.

ஐந்து நிமிடம் போயிருக்கும். சின்னப் படகு எங்களுக்கு முன்னால், சுவருக்கு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நிற்பதைப் பார்த்தேன். பொறுக்கவில்லை. அக்காவுக்குக் காது மந்தமாயிற்றே, சத்தமாகத்தானே சொல்ல வேண்டும்? குனிந்து, அந்த ஒரே காதில், முழுக் குரலில் சொன்னேன்.

பனி விழுவது முதலில் கண்ணுக்குத்தான் தெரியும். சத்தம் பிறகுதான் வந்து சேரும். சுவரில் ஒரு வீடளவு பாளம் நழுவியதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே பேசினேன். நிறுத்தத் தெரியவில்லை. நான் முடித்தபோது படகே கைதட்டிக்கொண்டிருந்தது.

அக்கா கண்ணைத் திறந்தாள். "என்னடா சொன்னே?"

"அந்தச் சின்னப் படகுல வந்திருந்தா... இன்னும் கொஞ்சம் கிட்டப் போயிருக்கலாம்னு..."

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சுக்கா."

"பெரிசா?"

"பெரிசு."

அவள் திட்டியிருந்தால் தேவலை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, மறுபடியும் காதைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த மாதிரி ஒரு வெட்கத்தை அறுபத்துநாலு வருடத்தில் நான் பட்டதில்லை.

இன்னும் பத்து நிமிடம்தான் நிற்க முடியும் என்றார் மாலுமி. நான் தனியாக உள்ளே போனேன். கதவைச் சாத்திக்கொண்டு, காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விழு, விழு என்று வேண்டிக்கொண்டேன். எட்டாவது நிமிடமோ ஒன்பதாவதோ, அவள் தோள் இரண்டும் துள்ளி அடங்கின. ஒரு கை நெஞ்சுக்குப் போனது. எனக்குக் கேட்டதெல்லாம் காப்பி இயந்திரத்தின் களகளப்புத்தான். சொல்வதற்கு ஆள் வேண்டி அவள் சட்டென்று வலது பக்கம் திரும்பினாள். நான் நின்ற இடம் காலியாக இருந்தது.

என்னைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தாள். முகம் நனைந்திருந்தது.

"கேட்டியாடா?"

"இல்லக்கா. எப்படி இருந்துச்சு?"

"அதைச் சொல்ல முடியாதுடா. நீ வெளியில நின்னிருக்கணும்."

மறுநாள் அவளை ரயிலேற்றிவிட்டுத் திரும்புகையில் பலகையின் முன்னால் இரண்டு பேர் நின்று விழித்துக்கொண்டிருந்தார்கள். "எது முதல்ல கிளம்புதோ அதுல போங்க" என்றேன். எனக்கே பெருமையாக இருந்தது. பத்தடி நடந்தேன். திரும்பி வந்து, "ஆனா போறப்ப இடது பக்கம் உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கு அது தேவைதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். முதல் நாளே, அந்த வெயிலிலேயே, சின்னப் படகில் அழைத்துப் போயிருக்கலாமே என்று படிக்கும்போது நடுவில் உங்களுக்குத் தோன்றியதா? இப்படிச் செய்திருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்ல உதடு துடித்ததா? அப்படியானால், உங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அவர்களுக்கு நல்ல காது எந்தப் பக்கம் என்றும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.