பார்சலுக்கு ஜன்னல் சீட்டு கொடுத்தவன்

ராமநாதபுரம் மாவட்டத்திலேயே பார்சலுக்கு ஜன்னல் சீட்டு கொடுத்த ஆள் ஒருவன்தான். அவன் ரைட்டு.

சொந்தப் பெயர் என்னவோ, யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மேனேஜரே ரைட்டு என்றுதான் கூப்பிடுவார். பார்சல் கம்பெனிக்கு வருமுன் அவன் மினிபஸ் கண்டக்டர். மினிபஸ் நின்றுபோனது. அவன் நிற்கவில்லை.

எங்கள் குடோன் சாயல்குடியில் இருக்கிறது. புதிதாக வரும் டிரைவர்களை முதல் மூன்று வாரம் பழக்குவது ரைட்டு வேலை. மூன்றாவது வாரக் கடைசியில் மேனேஜரிடம் அவன் ‘ரைட்டு’ என்று சொன்னால் வேலை நிரந்தரம். சொல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எனக்கு வீட்டுக்குப் போவதற்காகத்தான் இந்த வேலையே வேண்டியிருந்தது. இருபது வருஷம் குஜராத்துக்கு லாரி ஓட்டினேன். மகள் கல்யாணத்துக்கே முந்தின நாள்தான் வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"இனி வடக்க போறதா இருந்தா ரேசன் கார்டையும் அங்கிட்டே மாத்திக்கிருங்க."

சாயங்காலம் வீடு திரும்புகிற டிரைவர் வேலை எங்கள் பக்கம் இது ஒன்றுதான் கிடைத்தது.

எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. ரைட்டுக்கு முப்பது இருக்காது. மரியாதை தெரிந்தவன். திட்டினாலும் அண்ணே போட்டுத்தான் திட்டுவான்.

"அண்ணே, நீங்க ஒரு எருமமாடு. தப்பா நெனைக்காதீங்க."

நான் தப்பாக நினைக்கவில்லை.

முதல் நாள் காலை. குட்டியானை வண்டியில் பார்சலை அடுக்கினேன். லாரியில் பழகிய கை. பெரியது அடியில், சிறியது மேலே. ரைட்டு வந்து எட்டிப் பார்த்தான். நெஞ்சில் கை வைத்தான்.

"என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க?"

"அடுக்கியிருக்கேன்."

"பொம்பளையாளு மேல ஆம்பளையாள ஏத்தி வச்சிருக்கீங்க."

பார்த்தேன். ஒரு சேலைப் பார்சல் மேல் யாரோ முருகேசனுக்கு வந்த செருப்பு இருந்தது.

எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்றினோம். பெண்கள் பெயருக்கு வந்தவை இடது பக்கம். ஆண்கள் பின்னால். ஜன்னல் திரைக்கான கம்பி ஸ்டாண்டிங். கண்ணாடி டம்ளர் படம் ஒட்டியிருந்தால் அது நிறைமாசம். பள்ளத்தில் மெதுவாக இறக்க வேண்டும். பணம் கட்டாமல் வருகிற பார்சலுக்கு டிக்கெட் எடுக்காத ஆள் என்று பெயர். சென்னையிலிருந்து வந்ததை எல்லாம் முன் சீட்டில் ஜன்னல் ஓரம் வைத்தான்.

"பாவம்ணே. ராத்திரி முச்சூடும் இருட்டுக்குள்ள கெடந்து வந்திருக்கு. கொஞ்சம் காத்து வாங்கட்டும்."

அதனால் அவனுக்கு உட்கார இடம் இருக்காது. பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருவான். ஒரு விசில் என்றால் நிறுத்த வேண்டும். இரண்டு விசில் என்றால் போக வேண்டும். ரோட்டில் கை காட்டியவர்களுக்கு, "சீட்டு இல்ல, பின்னால வண்டி வருது" என்பான். பின்னால் எந்த வண்டியும் வராது.

இதெல்லாம் பழகிவிட்டது. என் வாய்தான் பழகவில்லை. லாரிக்குப் பேச்சு தேவையில்லை. சும்மாவே நான் பேசுகிறவன் இல்லை.

கடலாடியில் ஒரு வீடு. பார்சலோடு வாசலில் போய் நின்றேன். ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"யாருய்யா அது?"

பார்சலில் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஏன்யா வெயில்ல நிக்கிற? உள்ள வா. ஒரு வாய் தண்ணி குடி."

வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் முகம் மாறியது.

"எந்த ஊருல இருந்துய்யா வர்ற?"

"பரமக்குடி" என்றேன். பார்சல் அங்கிருந்துதான் வந்திருந்தது.

"ஐயோ, எங்கண்ணே" என்று மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். கட்டிப்பிடித்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். யாரோ பரமக்குடிக்குப் போன் போட்டார்கள். அண்ணனே எடுத்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் அழுகை நின்றது. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்சலை வாங்கினார். தோசைக்கல்.

எங்கள் பக்கம் கேதம், அதாவது சாவுச் செய்தி, சொல்ல வருகிறவன் அப்படித்தான் வருவான். வாசலோடு நிற்பான். உட்கார மாட்டான். தண்ணீர் குடிக்க மாட்டான். போகும்போது ‘வாரேன்’ என்று சொல்ல மாட்டான். நானும் ஒன்று விடாமல் அதையே செய்திருந்தேன்.

அடுத்த தெருவில் ஒரு பெரியவர் என்னைக் கண்டதும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "எத்தன மணிக்கு எடுக்குறாக?" என்றார்.

ரைட்டு வண்டிக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தான்.

"அண்ணே, நாம பார்சல் கம்பெனி. நீங்க காலையில இருந்து கேதம் சொல்லிக்கிட்டு வாரீங்க. இப்பிடியே போனா மேனேஜர்ட்ட நான் எப்பிடி ரைட்டு சொல்றது?"

அதன்பின் எனக்கு வாய்ப் பயிற்சி தொடங்கியது. மாரியூர் லைன் முடிந்ததும் கடற்கரையில் நிறுத்தினான்.

"கடலப் பாத்துச் சொல்லுங்க. பார்சல் வந்திருக்கு, வாங்க வாங்க வாங்க."

"பார்சல் வந்திருக்கு."

"அலைக்கே கேக்கல."

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார். "ஏலே, என்ன, கடலுக்கா பார்சலு?"

"ஆமா மாமா. ஓடிபி கேட்டா குடுக்க மாட்டேங்குது."

"அந்தாளக் கத்த விடாதீகப்பா, மீனு ஓடிரும்" என்றார் இன்னொருவர்.

"அவரு சத்தம் கரைக்கே வரலய்யா" என்றான் ரைட்டு.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தான். ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லாமல் எந்த வாசலையும் தாண்டக்கூடாது. வாசலில் கிடக்கும் நாயிடம்கூட அவன் சொல்லிவிட்டுத்தான் வருவான்.

மூன்றாவது வாரம், கடைசி நாள். கமுதிப் பக்கம் லைன்.

"இன்னைக்கு நான் வாயத் தொறக்க மாட்டேன். நீங்கதான் பேசணும். சாயங்காலம் மேனேஜர் கேப்பாரு" என்றான்.

மதியம்வரை எல்லா வாசலிலும் ‘பார்சல்’ என்று ஒரு வார்த்தை சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. ரைட்டு முகம் தொங்கிப்போயிருந்தது. மறுபடி குஜராத்துதான் என்று எனக்கும் தோன்றிவிட்டது.

கடைசி வீட்டில் பந்தல் போட்டிருந்தது. கொட்டுச் சத்தம், வேட்டு.

"விசேச வீடுண்ணே. சாப்பாடும் ஆச்சு" என்று குதித்து இறங்கினான்.

பந்தலில் ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி. எனக்குப் படிக்க நேரம் பிடிக்கும். பெயரைப் படித்தேன். பிறகு பார்சலைப் படித்தேன். இரண்டும் ஒரே பெயர்.

ரைட்டு பிளெக்ஸையும் பார்சலையும் மாறி மாறிப் பார்த்தான். "ஆளு எறங்க வேண்டிய ஸ்டாப்பு இதான். ஸ்டாப்பே போயிருச்சேண்ணே. திருப்பிக் கொண்டுபோயிருவமா?"

நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். ஐஸ் பெட்டியில் இருந்த பெரியவரைக் கும்பிட்டேன். ஆண்கள் இருந்த பக்கம் உட்கார்ந்தேன். மகன் வந்தார். அவர் கையைப் பிடித்தேன்.

"அய்யா பேருக்கு ஒரு பார்சல் வந்திருக்கு. இப்பக் குடுக்கலாமா, இன்னொரு நாளைக்குக் கொண்டாரட்டுமா?"

"கூலிங்கிளாஸா?" என்றார் மகன். "நாலு நாளா அதத்தான் கேட்டுக்கிட்டுக் கெடந்தாரு. கண் ஆப்பரேசனுக்கு ஆசுபத்திரியில குடுத்தது நல்லால்லயாம்."

ஓடிபி பெரியவர் போனுக்குத்தான் போகும். அது ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் இருந்தது. நான் என் போனில் பட்டனை அமுக்கியதும் சட்டை ‘டிங்’ என்றது. பெண்கள் பக்கம் அழுகை நின்றது.

"அவருக்கு இன்னும் மெசேசு வருதே" என்று பெரியவர் மனைவி புதிதாகத் தொடங்கினார்.

எண்ணை வாங்கி அடித்தேன். ஐஸ் பெட்டியைத் திறந்து கண்ணாடியை அவருக்கு மாட்டினார்கள். அந்த ஊரிலிருந்து அவ்வளவு மிடுக்காக யாரும் போயிருக்க மாட்டார்கள்.

எழுந்து பேசாமல் நடந்தேன். கூடவே வந்த ரைட்டு பந்தல் ஓரத்தில் திரும்பினான். மூன்று வாரமாக எனக்குச் சொல்லிக் கொடுத்த பழக்கம் அவனை விடவில்லை. கையைத் தூக்கி நல்ல சத்தமாகச் சொன்னான்.

"அப்பப் போயிட்டு வாரோம்ங்க. மறுபடியும் வாரோம்."

கொட்டு நின்றது. மீசைக்காரர் ஒருவர் எழுந்தார்.

"என்னலே சொன்ன? மறுபடி வர, அடுத்து யாரலே தூக்கச் சொல்ற?"

ரைட்டு என்னைப் பார்த்தான். அப்படி அவன் என்னைப் பார்த்ததே இல்லை.

"பதினாறாம் நாள் காரியத்தச் சொல்றாரு" என்றேன். "அய்யா ஆசையா வாங்கின பொருளக் கையில குடுக்க முடியல. காரியத்துக்காவது வந்து நிக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. பதட்டத்துல பாதிதான் வாயில வந்திருக்கு."

மீசைக்காரர் உட்கார்ந்தார். "கட்டாயம் வரணும்" என்றார்.

ரைட்டு அன்றுதான் முன் சீட்டில் உட்கார்ந்தான்.

"எவ்வளவு பேச்சுண்ணே அது."

நான் வண்டியை எடுத்தேன்.

சாயங்காலம் மேனேஜர் கேட்டார். "என்னப்பா, பேசுறாரா?"

"உசுரு போற நேரத்துல பேசுறாரு சார். ரைட்டு."

அன்றிலிருந்து நான் வீட்டில்தான் படுக்கிறேன்.

பதினாறாம் நாள் இரண்டு பேரும் போனோம். சொன்ன சொல் இருக்கிறதே. சாப்பிட்டு முடித்ததும் ரைட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான்.

இப்போது அவனை ராமேஸ்வரம் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கே புது ஆட்களைப் பழக்குகிறான். தினமும் காலையில் எனக்குப் போன் வரும். பாம்பன் காற்றைச் சொல்வான், புதுப் பையன்கள் பார்சலைத் தூக்கி எறிவதைச் சொல்வான். நான் ‘ம்’ என்பேன்.

போன வாரம் ஒரு நாள் போன் வரவில்லை. லோடு ஏற்றினேன். கிளம்பினேன். கொஞ்ச தூரம் போய் ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி நானே போட்டேன்.

"அண்ணே, நீங்களா? என்னண்ணே, எதுவும் பிரச்சினையா?"

"இல்ல. சும்மாதான்."

ரைட்டு பாம்பன் காற்றிலிருந்து தொடங்கினான். நான் போனை வைக்கவில்லை.