இடது முன்சக்கரத்துக் கிறீச்

உலகத்தில் வேலை பார்ப்பதற்கென்று எத்தனையோ அலுவலகங்கள் உண்டு. ஆனால் மற்ற அலுவலகங்கள் ஒழுங்காக வேலை பார்க்கின்றனவா என்று பார்ப்பதையே வேலையாகக் கொண்ட பணித்திறன் மேம்பாட்டு இயக்ககத்துக்கு முன்னால் அவையெல்லாம் கால்தூசு பெறாது. மூன்று மாடி, முப்பத்தேழு நிரந்தர ஊழியர்கள், ஒரு லிஃப்ட், அந்த லிஃப்டைவிட உறுதியாக நிற்கும் 'லிஃப்ட் பழுது' பலகை. கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் ஒரு வேகத்தடை. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நம் கதை அதன்மேல்தான் ஏறி இறங்கப் போகிறது.

அந்த இயக்ககத்தின் வண்டிகளைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்குக் 'காது' என்று பெயர். பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருந்தார்கள், அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. தெருவில் ஒரு வண்டி போகும், இவன் டீ டம்ளரைக் கீழே வைக்காமலே, பின்னால் வலது பக்கம் ஒரு நட்டு லூஸ் என்பான். போய்ப் பார்த்தால் லூஸாகத்தான் இருக்கும். அப்பேர்ப்பட்டவன் ஆறு வருடமாகத் 'தற்காலிகம்'. அவனை நிரந்தரமாக்கும் கோப்பு மூன்றாம் மாடியில் கண்காணிப்பாளர் மேஜையில், அடியிலிருந்து இரண்டாவதாக நல்ல தூக்கத்தில் இருந்தது. மாதக் கடைசிக்குள் அதில் இயக்குநர் கையெழுத்து விழாவிட்டால், ஆறு வருடம் முடித்த தற்காலிகங்களை நிறுத்திவிடலாம் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்துவிட்டது. மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

இந்த நேரம் பார்த்து இயக்குநர் 'ஒலியற்ற தலைமை' என்ற மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு, முகத்தில் ஒரு தேஜஸோடு திரும்பி வந்தார். சத்தம்தான் பணித்திறனின் முதல் எதிரி என்று அங்கே கண்டுபிடித்திருந்தார்களாம். வந்த அன்றே மேஜை மணிகள் பறிமுதல் ஆயின. ஹாரனுக்குத் தடை. சுவர்க் கடிகாரம் 'டிக் டிக்' என்ற குற்றத்துக்காகக் கழற்றப்பட்டது. அதன்பிறகு மணி எத்தனை என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் வருந்தியதாகவும் தெரியவில்லை. எல்லாரும் ரப்பர் அடிச் செருப்பு வாங்கினார்கள். நான்காம் நாள்தான் இயக்குநருக்குத் தன் வண்டியின் சத்தமே கேட்டது. காதைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வேகத்தடையில ஏறும்போது நம்ம வண்டியில ஒரு சத்தம் வருதே, கேட்டிருக்கியா?"

"மூணு வருஷமா கேக்குறேன் சார்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே சார்."

விதிப்படி இது சரியான பதில், இயக்குநர் மெச்சினார். இந்த வாரத்துக்குள் சத்தம் போக வேண்டும், போன அன்றே அவன் கோப்பில் கையெழுத்து என்றார். போகாவிட்டால் என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திக்கொண்டார். ஒலியற்ற தலைமையில் மீதியை வாயால் சொல்வதில்லை.

காதுக்குக் கால் தரையில் பாவவில்லை. இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் எங்கேயோதான் என்று அவனுக்குத் தெரியும். பானட்டின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தி அழுத்தி விட்டான். 'கிறீச்' என்றது. நீண்ட திருப்புளியின் ஒரு முனையை ஸ்பிரிங் பக்கம் வைத்து, மறுமுனையில் காதை வைக்கப்போன நேரத்தில், மூன்று மாடியும் மூச்சிரைக்க இறங்கி வந்து நின்றார் கண்காணிப்பாளர். அவர் மாடியை விட்டு முற்பகலில் இறங்கியதை அந்தக் கட்டிடம் அதுவரை பார்த்ததில்லை.

இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு தனி மனிதன் தலையில் கட்டுவது அநியாயம் என்று அவர் உருகினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய்கூட இவ்வளவு உருக்கமாக அழுதிருக்காது. ஒரு மணி நேரத்தில் 'ஒலி மூல ஆய்வுக் குழு' பிறந்துவிட்டது. தலைவர் அவரே. குழு ஐந்து பேராக வண்டியில் ஏறி, சமதரையில் பத்தடி முன்னால் போய், பத்தடி பின்னால் வந்தது. சத்தம் வரவில்லை. வேகத்தடையில் ஏற்றிப் பார்க்கலாமே என்று காது கேட்டான். வேகத்தடை கட்டிடப் பிரிவைச் சேர்ந்தது, வண்டி போக்குவரத்துப் பிரிவைச் சேர்ந்தது, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்ற அனுமதி வேண்டும் என்று தலைவர் விளக்கினார். இயக்குநர் தினமும் அனுமதி இல்லாமல்தான் ஏறி இறங்குகிறார் என்பதை யாரும் குறிப்பேட்டில் எழுதவில்லை. முடிவில் அறிக்கை இப்படி வந்தது: 'மேற்படி ஒலி இல்லை. இருப்பின், அது வாகனம் தன் கடமையில் கொண்ட மகிழ்ச்சியின் இயல்பான வெளிப்பாடு ஆகும்.'

அன்று மாலை காது வீட்டுக்குப் போய்க் கதவைத் தள்ளினான். கதவு 'ஙீ' என்று கத்தியது. அதுவும் பல வருடச் சத்தம்தான். ஊர் வண்டிக்கெல்லாம் கிரீஸ் வைக்கிறவன் வீட்டுக் கதவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டதில்லை. இன்றைக்கு இருந்த எரிச்சலில் எண்ணெய்க் குப்பியை எடுத்தான். மனைவி ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"ஏங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க வர்றது எனக்குத் தெரிய வேணாமா?"

"தெரிஞ்சு?"

நாற்காலி மெத்தைக்கு அடியிலிருந்து, அவசரத்தில் அணைக்க மறந்த செல்போன் சீரியலில் யாரோ இருவர் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாலை முழுக்கத் தலைவலி என்று அவள் காலையிலேயே சொல்லி வைத்திருந்தாள்.

காது எண்ணெய்க் குப்பியோடு அப்படியே நின்றான். மறுநாள் காலை இயக்குநர் வண்டி வரும் நேரத்துக்குக் கேட் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். வண்டி ஏறியது. 'கிறீச்.' உடனே மூன்று மாடியிலும் நாற்காலிகள் தரையில் உராயும் சத்தம், இழுப்பறைகள் மூடும் சத்தம், யாரோ யாரையோ எழுப்பும் சத்தம். மூன்று வருடமாக இவ்வளவும் அவன் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. எதிரொலி என்று நினைத்திருந்தான். காது என்று பெயர் வாங்கி என்ன பிரயோஜனம் என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டான்.

கண்காணிப்பாளரும் அன்றைக்கு மனம் விட்டுப் பேசினார். "தம்பி, பூனைக்கு யாரு மணி கட்டுறதுன்னு ஊரே முழிக்குது. நமக்கு மணியோடவே பூனை வந்திருக்கு. அதை ஏம்ப்பா கழட்டுற?" என்றார். பிறகு அவன் தோளில் கை போட்டு, "உன் ஃபைலு எங்கிட்டதான் இருக்கு. பத்திரமா, பத்திரமா இருக்கு," என்றார். 'பத்திரமா' என்பதை இரண்டு தடவை சொன்னார்.

சத்தத்தை நிறுத்தினால் கோப்பு மேலே ஏறாது. நிறுத்தாவிட்டால் கையெழுத்து விழாது. இருதலைக்கொள்ளி எறும்புக்காவது நடுவில் நிற்க இடம் உண்டு. காது இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் திரிந்தான். மூன்றாம் நாள் கை கேட்கவில்லை. ஒரு பாட்டிலில் தண்ணீரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தான். ஒவ்வொரு ரப்பர் இணைப்பாக நனைத்து, வெளியே வந்து வண்டியை ஆட்டிப் பார்த்தான். எதை நனைத்தால் சத்தம் நிற்கிறதோ அதுதான் திருடன். நான்காவதை நனைத்ததும் வண்டி வாயை மூடிக்கொண்டது. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் புஷ், உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் வளையம். காய்ந்து, வெடித்து, இரும்பும் இரும்பும் உரசும் நிலைமைக்கு வந்திருந்தது. இது வெறும் சத்தமில்லை. இப்படியே விட்டால் ஒரு நாள் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், உள்ளே இருப்பவர்கள் கதி அதோகதி. கோப்பாவது ஒன்றாவது என்று புதிய புஷ்ஷை அடித்து ஏற்றினான். பழையதைத் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை இயக்குநர் அவனை வழியில் ஏற்றிக்கொண்டு, டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தார். வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கியது. ஒரு சத்தமில்லை.

"கேட்டியா?" என்றார் இயக்குநர், கண் கலங்க.

"ஒண்ணும் கேக்கலை சார்."

"அதைத்தான் கேட்டியான்னு கேக்குறேன்."

அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு, கோப்பு இருக்கும் இடத்திலேயே கையெழுத்துப் போடுவதாக மாடி ஏறினார். ரப்பர் அடிச் செருப்புகள் சத்தமே போடவில்லை. முதல் மாடியில் நான்கு மேஜைகளைச் சேர்த்துப் போட்டுச் சீட்டாட்டம். இரண்டாம் மாடியில் நாற்காலிகளில் பதினோரு சட்டைகள் மட்டும் தொங்கின, சட்டைக்குள் இருக்க வேண்டியவர்களைக் காணவில்லை. ஒரு அம்மாள் வெந்நீர் வாளியில் கால் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடியில் கண்காணிப்பாளர் தலைக்குக் கறுப்புச் சாயம் பூசி, தோளில் செய்தித்தாள் போர்த்தி, அது காய்கிறவரை கண்ணயர்ந்திருந்தார். சாயம் சொட்டி மேஜை கெடாமல் இருக்க ஒரு கோப்பை விரித்து வைத்திருந்தார். அது காதின் கோப்பு. அதில் அவன் பெயர் பாதி கறுத்திருந்தது.

இன்றைக்கு இடி விழப்போகிறது என்று காது மூச்சைப் பிடித்துக்கொண்டான். இயக்குநர் வெகுநேரம் நின்று பார்த்தார். அவர் அறை அலமாரியில் மூன்று கேடயங்கள் இருந்தன. தன் ஊழியர்களின் பணித்திறன் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று மூன்று வருடமும் அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கியவை. நாலாவதற்கான அறிக்கையும் போயாகிவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பூனை மாதிரி அடிமேல் அடி வைத்துக் கீழே இறங்கினார். காது பின்னாலேயே இறங்கினான்.

வண்டியை வெளியே கொண்டுபோய் மறுபடி உள்ளே விடச் சொன்னார். சத்தமில்லை. இன்னொரு முறை. ஒரு ஜன்னல்கூட அசையவில்லை. ஹாரன் அடிக்கட்டுமா என்று டிரைவர் கேட்டார். ஹாரனைத் தடை செய்த சுற்றறிக்கையே தன்னுடையது என்று இயக்குநர் முறைத்தார். பிறகு காதின் பக்கம் குனிந்தார்.

"அந்தச் சத்தம் எப்படி இருக்கும்?"

"கிறீச்சுனு இருக்கும் சார்."

"மாடிக்குக் கேக்குற மாதிரி சொல்லு."

காதுக்கு முதலில் புரியவில்லை, புரிந்தபோது உடம்பு கூசியது. ஆனால் மாதக் கடைசிக்கு இரண்டே நாள் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினான். மாடியில் நாற்காலிகள் உராய்ந்தன. இழுப்பறைகள் மூடின. இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் கொடுத்துவிட்டுப் படியேறினார். எங்கிருந்தோ வந்து சட்டைக்குள் புகுந்துகொண்ட பதினோரு பேர் உட்பட முப்பத்தேழு பேரும் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டியிருந்த கண்காணிப்பாளர் தனக்கு ஜலதோஷம் என்றார். இயக்குநர் மனம் நெகிழ்ந்து பாராட்டிவிட்டு, கறை படிந்த கோப்பை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டவர் அதைக் காதின் கையில் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தினார்.

"பழசு இருக்கா?"

"இருக்கு சார்."

"மாட்டிடு."

"சார், அது சுத்தமா தேஞ்சு போச்சு. என்னைக்காவது பிரேக் போடும்போது வண்டி இழுத்துக்கிட்டுப் போயிடும். நீங்கதான் உள்ள இருப்பீங்க."

"அது என்னைக்காவது. ஆபீஸ் தினமும் நடக்கணும்ல?"

காது கீழே போய், புதியதைக் கழற்றிப் பழையதை மாட்டினான். கோப்பிலிருந்த நியமன உத்தரவு பையில் இருந்தது. அதில் அவன் பதவியை இயக்குநர் தன் கையாலேயே 'ஒலிப் பராமரிப்பு மெக்கானிக் (நிரந்தரம்)' என்று திருத்தியிருந்தார். சாயங்காலம் வீட்டுக் கதவு கத்தியபோது அவன் எண்ணெய்க் குப்பி பக்கமே திரும்பவில்லை.

நாலாவது கேடயமும் வந்து சேர்ந்தது. இந்த முறை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. எங்கேயோ ஒரு நட்டு லூஸ் என்றால் உட்கார முடியாமல் தவித்த காது, இப்போதெல்லாம் ஷெட்டில் ஒரு வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து நிம்மதியாகத் தூங்குகிறான். கேட்டில் 'கிறீச்' கேட்டதும், கண் திறப்பதற்கு முன்னாலேயே கையில் ஸ்பேனர் வந்துவிடுகிறது. இயக்ககத்தில் இப்போது நிரந்தர ஊழியர்கள் முப்பத்தெட்டுப் பேர். வேலை பார்ப்பது மட்டும் அன்றும் இன்றும் அந்த ஒரு ரப்பர்தான். அதுவும் முக்கால்வாசி தேய்ந்துவிட்டது.